இணைய ஏலத்தில் நாணயம்: நட்சத்திரம் போடும் முன் யோசிக்க வேண்டியவை



இந்த மாதப் படிப்புக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் உங்கள் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. ஷோப்பியில் ஒரு சட்டை வாங்குகிறோம். கரோசெல்லில் பழைய கிட்டார் ஒன்றை விற்கிறோம். முகநூல் நேரலையில் சேலை ஏலம் போகும்போது விலையைத் தட்டி விடுகிறோம். பொருள் வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி கேட்கிறது: எத்தனை நட்சத்திரம்? என்ன சொல்கிறீர்கள்? ரிவியூ என்று நாம் சொல்லும் அந்தப் பின்னூட்டத்தை எழுத ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஒருவருடைய பிழைப்பும், முகம் தெரியாத இன்னொருவருடைய பணமும் நம் கையில் இருக்கின்றன.

செந்தூலில் நான் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டேன். "ஒரு நட்சத்திரம் எப்போ போடுவீங்க?" ஒரு தம்பி பட்டென்று, "கோபம் வந்தா போடுவேன்ணே" என்றான். "அப்போ அஞ்சு?" "காயின் கொடுத்தா போடுவேன்!" எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தப் பையன் உண்மையைத்தான் சொன்னான். நம்மில் பலர் பின்னூட்டத்தைத் தண்டனையாகவோ கூலியாகவோதான் நினைக்கிறோம். என் பார்வையில் அது ஒரு சாட்சி. நமக்குப் பின்னால் அதே கடைக்கு வரப்போகிற ஒருவருக்காக நாம் சொல்லும் சாட்சி. இந்த ஒரு கருத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற நெறிகள் எல்லாம் தானாக வந்து சேரும்.

ஊர் வாய் இல்லாத சந்தை

கோயில் திருவிழா முடிந்ததும் அம்மனுக்குச் சாத்திய சேலையையும் பழத்தட்டையும் ஏலம் விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் கேட்டார், எவ்வளவு கேட்டார், பணம் கட்டினாரா என்பதை ஊரே பார்க்கிறது. கேட்டுவிட்டுக் கட்டாமல் போனால் அடுத்த வருடம் வரை பேசுவார்கள். அந்த ஊர் வாய்தான் அங்கே காவல்.

நம்முடைய ‘ஏலம்’, மலாய்க்காரர்களின் ‘லெலோங்’ இரண்டுமே போர்த்துகீசிய மொழியின் ‘லெய்லாவ்’ என்ற சொல்லிலிருந்து வந்தவை என்பது அறிஞர்கள் சொல்லும் செய்தி. கடல் கடந்து வந்த வியாபாரிகள் சொல்லையும் சேர்த்துத்தான் இறக்கினார்கள். கடல் வணிகத்தில் வாங்குபவர் ஒரு துறைமுகத்தில், விற்பவர் இன்னொரு துறைமுகத்தில். அப்படியும் வியாபாரம் நடந்தது. எதை நம்பி?

நம் செந்தூலில், ஜாலான் ஈப்போ ஓரத்தில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறதல்லவா? அந்த நகரத்தார்கள் ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று பல ஊர்களில் கடை வைத்தவர்கள். ஓர் ஊரில் எழுதிய உண்டியல் சீட்டை இன்னோர் ஊரில் காட்டினால் பணம் கிடைக்கும். சீட்டுக்குப் பலம் அதில் இருந்த பெயர். ஒவ்வொரு கடைக்கும் முதலெழுத்துகள் சேர்ந்த ஓர் அடையாளம் உண்டு. அதை ‘விலாசம்’ என்பார்கள். அந்த விலாசம் கெட்டுப்போனால் கடை போனது போலத்தான். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான்: நாணயம். இது சும்மா வந்து அமைந்த பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை.

இன்றைய இணையக் கடையின் பயனர் பெயர்தான் அந்த விலாசம். அதன் கீழே உள்ள பின்னூட்டங்கள்தான் ஊர் வாய். அந்த வாய் பொய் பேசினாலும் கெடுதல், பயந்து மூடிக்கொண்டாலும் கெடுதல்.

ஈபேயில் நடந்த கதை

இதை முதன்முதலில் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் அமெரிக்காவின் ஈபே. 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்ற கணினி நிரலாளர் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்தேதான் ஒருவர் வாங்கினார். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று இல்லாததால் அங்கே தகராறே வரவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு பேசுவோம்.

ஆட்கள் கூடக்கூடப் புகார்களும் கூடின. பணம் அனுப்பினேன், பொருள் வரவில்லை என்று ஒருவர். பொருளை அனுப்பினேன், காசோலை வரவில்லை என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் ஒமிடியார் ஒருவரே நீதிபதியாக உட்கார முடியுமா? 1996 பிப்ரவரியில் அவர் ஒரு பொது இடத்தைத் திறந்தார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாருக்கும் தெரியும்படி எழுதலாம். நல்லதுக்குக் கூட்டல் ஒன்று, நடுநிலைக்குச் சுழியம், கெட்டதுக்குக் கழித்தல் ஒன்று. கூட்டிக் கழித்துக் கழித்தல் நான்குக்குப் போனால் ஆள் வெளியே. நல்லவரைப் பாராட்டுங்கள், தவறு நடந்தால் சொல்லுங்கள், உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அன்று அவர் உறுப்பினர்களுக்குச் சொன்னதன் சாரம். நம் ஊர் வழக்கமும் அதேதானே!

ஆனால் சிக்கல் ஒன்று முளைத்தது. இரண்டு பக்கமும் எழுதலாம் என்றால் யார் முதலில் எழுதுவது? பல விற்பனையாளர்கள் காத்திருந்தார்கள். "நீ எனக்கு நல்லா போடு, நான் உனக்கு நல்லா போடுறேன். நீ கழித்தல் போட்டா நானும் கழித்தல்தான்." ஒழுங்காகப் பணம் கட்டிய வாங்குநர்கூடத் தன் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்து, உடைந்த பொருளுக்கும் ‘அருமை’ என்று எழுதினார். 1999ஆம் ஆண்டின் ஈபே ஏலங்களைப் பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேருக்குச் சற்று அதிகமானவர்களே பின்னூட்டம் எழுதியிருந்தார்கள். எழுதியவற்றில் 99 விழுக்காட்டுக்கு மேல் பாராட்டு! உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வியாபாரம் அவ்வளவு சுத்தமாகவா நடக்கிறது? பிடிக்காதவர்கள் பலர் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதுதான் பொருள். மரியாதையும் பயமும் கலந்த மௌனம்.

2008 மே மாதம் ஈபே விதியை மாற்றியது. விற்பவர் இனி வாங்குபவருக்குக் கெட்ட பின்னூட்டம் போட முடியாது. பழிவாங்கும் கதவு மூடியது. உடனே இன்னொரு கதவு திறந்தது. "பாதிப் பணத்தைத் திருப்பித் தா, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி வைப்பேன்" என்று மிரட்டும் வாங்குநர்களைப் பற்றி விற்பனையாளர்கள் முறையிட்டார்கள். அப்படி மிரட்டுவதையும் ஈபே விதி போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. தங்கும் அறைகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி 2014இல் வேறு வழி கண்டது: இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் ஆகும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

நம் நாட்டு லெலோங் தளமும் 1998இல் பிறந்து 2023இல் மூடப்படும் வரை இணைய வியாபாரத்தை ஒரு தலைமுறைக்குப் பழக்கியது. உங்கள் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள், பழைய கைப்பேசி, கேமரா என்று அதில் வாங்கிய கதை சொல்வார்கள். இன்று தளங்கள் மாறிவிட்டன. மனிதர்கள் மாறவில்லை. ஒவ்வொரு விதியும் ஒரு கதவை மூடுகிறது, மனம் சரியில்லை என்றால் இன்னொரு கதவை அது தேடிக்கொள்கிறது. அதனால்தான் விதியைத் தாண்டி நெறி வேண்டும் என்கிறேன்.

உங்கள் ஒரு நட்சத்திரத்தின் எடை

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். செந்தூல் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஓர் அக்கா தீபாவளிக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் செய்து இணையத்தில் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். சராசரி 5.0. அடுத்து மூன்று பேருக்குப் பொட்டலம் நசுங்கிப் போய்ச் சேருகிறது. மூன்று பேரும் ஒரு நட்சத்திரம். 9 ஐந்து 45, கூட்டல் 3, ஆக 48. அதை 12ஆல் வகுத்தால் 4.0. ஒரே நாளில் ஒரு முழு நட்சத்திரம் போச்சு.

அதே மூன்று பேர், நாலாயிரம் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒரு பெரிய கடைக்கு ஒன்று போட்டால்? சராசரி 4.99க்குக் கீழே இறங்காது. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

நம் கோபம் ஒன்றுதான். ஆனால் அது பெரியவன் மேல் தூசியாக விழுகிறது, சிறியவர் மேல் பாறையாக விழுகிறது. அடுப்படியில் விடியவிடிய நின்றவருக்கு அந்தத் தீபாவளி அதோடு முடிந்துவிடலாம். முறுக்கை நசுக்கியது கூரியர் லாரியாக இருந்தால், தண்டனை போய்ச் சேர்ந்த இடம் சரியா?

நல்ல பெயருக்கு என்ன விலை என்பதையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். அதே ரெஸ்னிக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இது. பழைய அஞ்சல் அட்டைகள் விற்கும் அனுபவமுள்ள ஒருவர், ஒரே மாதிரியான அட்டைகளைத் தன் பழைய பெயரிலும் புதிதாகத் தொடங்கிய பெயர்களிலும் ஈபேயில் விற்றார். பழைய பெயருக்கு வாங்குபவர்கள் ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். பொருள் ஒன்றே, பெயர்தான் வேறு. ஒருவருடைய நாணயத்தை நாம் அநியாயமாகக் குறைத்தால் அவர் பையிலிருந்து காசை எடுக்கிறோம். அநியாயமாகக் கூட்டினால், அவரை நம்பி வாங்கப் போகிறவருடைய பையிலிருந்து எடுக்கிறோம்.

வள்ளுவர் வியாபாரிகளுக்குச் சொன்ன அறிவுரையை எந்த அதிகாரத்தில் வைத்தார் தெரியுமா? பொருட்பாலில் தேடாதீர்கள். அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்திருக்கிறார். விற்பதும் வாங்குவதும் துலாக்கோல் விவகாரம் என்பது அவர் கணக்கு. நட்சத்திரமும் ஒரு துலாக்கோல்தான்.

வாங்குபவருக்கு ஏழு நெறிகள்

1. திறந்து பாருங்கள், பயன்படுத்திப் பாருங்கள், பிறகு எழுதுங்கள். நம் நாட்டுப் பின்னூட்டங்களில் அடிக்கடி வரும் வாசகம் ஒன்று உண்டு: "பெலும் சூபா லாகி." இன்னும் போட்டுப் பார்க்கல! ஆனால் ஐந்து நட்சத்திரம். காயினுக்காகச் சம்பந்தமே இல்லாத படத்தையும் ஏதோ பாட்டு வரியையும் ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வது சாட்சி ஆகுமா?

2. குறை இருந்தால் முதலில் விற்றவரிடம் சொல்லுங்கள். நாலு படம், இரண்டு வரி போதும். "வணக்கம், சேலையின் ஓரத்தில் இந்த இடத்தில் கிழிந்திருக்கிறது. என்ன செய்யலாம்?" பதில் சொல்ல இரண்டு மூன்று நாள் கொடுங்கள். பல குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும். அதே சமயம், பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தளம் கொடுக்கும் கெடு முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானைச் சரிபார்க்கும் முன்னால் அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும்.

3. யாருடைய தவறு என்று பிரித்துப் பாருங்கள். பொருள், விற்பவர், கூரியர், நாம் என்று நாலு பேர் இதில் இருக்கிறோம். சைஸ் பட்டியலைப் பார்க்காமல் சட்டை வாங்கியது நம் தவறு. ஈபே 2007இல் வாங்குபவர்களிடம் நாலு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது: பொருள் சொன்னபடி இருந்ததா? பதில் சொன்னாரா? சீக்கிரம் அனுப்பினாரா? அனுப்பும் கட்டணம் நியாயமா? இந்த நாலையும் மனதில் கேட்டுக்கொண்டாலே பாதிக் கோபம் இறங்கிவிடும்.

4. ஆளை விடுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். "திருட்டுக் கடை, சுத்த ஃபிராட்" என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் புரியாது. "5.5 மீட்டர் என்று போட்டிருந்தது, அளந்தேன், 5 மீட்டர்தான்" என்று எழுதினால் புரியும். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் இருக்கிறது, 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் இருக்கிறது. அளந்து சொன்ன உண்மை உங்களுக்குக் கவசம். வசவு உங்களுக்கே வினையாகலாம்.

5. இரண்டும் மூன்றும் நாலும் எதற்கு இருக்கின்றன? நமக்கு ஒன்று இல்லையென்றால் ஐந்து! பொருள் நல்லது, வர ஒரு வாரம் தாமதம் என்றால் நாலு போடலாம். பயன்படுத்தலாம், ஆனால் படத்தில் பார்த்த நிறம் இல்லை என்றால் மூன்று. மூன்று என்பது அவமானம் இல்லை.

6. பின்னூட்டத்தை வைத்துப் பேரம் பேசாதீர்கள். "பத்து வெள்ளி குறைக்காவிட்டால் ஒன்று போடுவேன்" என்பது மிரட்டல். பணம் திரும்பக் கேட்க உரிமை இருந்தால் நேராகக் கேளுங்கள். அதற்கு நட்சத்திரத்தைப் பிணை வைக்காதீர்கள்.

7. குறையைச் சரி செய்து கொடுத்தால் அதையும் எழுதுங்கள். தளம் அனுமதித்தால் நட்சத்திரத்தை மாற்றுங்கள். "கிழிந்த சேலைக்குப் பதில் மூன்றே நாளில் வேறு சேலை அனுப்பினார்" என்ற ஒரு வரி, பத்து ‘சூப்பர்’களைவிட அந்தக் கடைக்கு மரியாதை.

ஏலம் என்றால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை கேட்டு வென்றுவிட்டால் பணம் கட்ட வேண்டும். நேரலையில் ஆர்வத்தில் எண்ணைத் தட்டிவிட்டு, மறுநாள் செய்தியைப் பார்த்தும் பதில் சொல்லாமல் காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவருக்காக ஒதுக்கி வைத்த சேலையை வேறு ஒருவர் கேட்டும் கொடுக்காமல் காத்திருப்பார் விற்பவர். கேட்ட விலையும் வாய்ச் சொல்தான்.

விற்பவருக்கு ஐந்து நெறிகள்

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இப்போதே விற்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் கொஞ்சம்.

1. உடைந்ததை உடைந்தது என்றே சொல்லி விற்றால் சண்டை இல்லை. அந்த லேசர் சுட்டி ஞாபகம் இருக்கிறதா? கீறலைப் படம் எடுத்துப் போடுங்கள். சேலையை வெயிலில் ஒரு படம், விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம்.

2. நட்சத்திரத்தை விலைக்கு வாங்காதீர்கள். பொட்டலத்துக்குள் "ஐந்து நட்சத்திரம் போட்டால் இரண்டு வெள்ளி தருகிறோம்" என்று சீட்டு வைப்பது சாட்சிக்குக் காசு கொடுப்பது. அத்தை, மாமாவை விட்டு எழுத வைப்பதும் அப்படியே. அமெரிக்காவில் போலிப் பின்னூட்டங்களைத் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நேர்மையாக எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

3. ஏலத்தில் நண்பனை விட்டு விலையை ஏற்றாதீர்கள். இதைவிட மோசமான பொய்ச் சாட்சி கிடையாது.

4. கெட்ட பின்னூட்டம் வந்தால் அன்று இரவே பதில் எழுதாதீர்கள். தூங்கி எழுந்து எழுதுங்கள். ஒரே ஒரு பதில். கோபப்பட்டவரை ஜெயிக்க எழுதாதீர்கள். பின்னால் வந்து படிக்கப் போகிறவருக்காக எழுதுங்கள். "மன்னிக்கவும். பொட்டலம் வழியில் நசுங்கியிருக்கிறது. புதிதாக அனுப்புகிறோம். இனி டின்னில் அடைத்து அனுப்புவோம்." இது போதும். அந்த ஒரு நட்சத்திரமே உங்கள் கடைக்கு விளம்பரம் ஆகிவிடும்.

5. வாங்கியவருடைய பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி உங்களிடம் இருக்கிறது. அது உங்களிடம் ஒப்படைத்த பொருள். "இவர்தான் எனக்குக் கெட்ட ரிவியூ போட்டவர்" என்று அதை முகநூலில் எடுத்துப் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

"நம்ம ஆளு" என்ற தராசு

இதைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க முடியாது. நம்மிடம் இரண்டு பழக்கம் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

ஒன்று: "பாவம், நம்ம ஆளு, விடு." சூடாகிப் புகை வந்த சார்ஜரை ஒருவர் நம்மவரிடம் வாங்கினார் என்று வையுங்கள். அதில் சிரிம் முத்திரையும் இல்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அதே சார்ஜரை வாங்கப் போகிறவரும் நம்ம ஆளுதானே? அவர் வீட்டில் குழந்தை தூங்கும் அறையில் அதைச் செருகினால்? இங்கே மௌனம் கருணை ஆகாது. கருணை காட்ட வேண்டும் என்றால் முதலில் விற்றவரிடம் தனியாகச் சொல்லுங்கள், விற்பனையை நிறுத்த வாய்ப்புக் கொடுங்கள். நிறுத்தவில்லை என்றால் வெளிப்படையாக எழுதுங்கள்.

இரண்டு: அந்நியர் கடையில் பொறுத்துக்கொள்வதை நம்மவர் கடையில் பொறுப்பதில்லை. பெரிய நிறுவனத்தின் பொருள் பத்து நாள் தாமதமானால் "வரும்லா" என்கிறோம். நம் தங்கச்சி ஒருத்தி இரண்டு நாள் தாமதமாக அனுப்பினால், "நம்ம ஆளுங்களே இப்படித்தான்" என்று ஓர் இனத்துக்கே நட்சத்திரம் போடுகிறோம். அதோடு நிற்பதும் இல்லை. அவருடைய படம், எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் புலனக் குழுக்களில் சுற்றவிட்டு "வைரல் பண்ணுங்க" என்கிறோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஒரு மணி நேரத்தில் போய்விடும். பிறகு பணம் திரும்பி வந்தாலும், தவறு தெளிவானாலும், அந்தப் படத்தைத் திருப்பிக் கூப்பிட முடியுமா?

தராசு ஒன்றே இருக்கட்டும். நம்மவருக்கும் அதே நட்சத்திரம், மற்றவருக்கும் அதே நட்சத்திரம்.

உண்மையிலேயே ஏமாந்தால்?

பொறுமையாக இருங்கள் என்று நான் சொன்னதை ஏமாந்துபோங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மோசடி என்றால் பின்னூட்டம் போதாது.

பணத்தை மாற்றிய பிறகு ஆள் மாயமாகிவிட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையம். போலீஸிலும் புகார் செய்யுங்கள். அழைப்பு எவ்வளவு சீக்கிரமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு. பணம் அனுப்பும் முன்னாலேயே போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைச் சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

வியாபாரம் செய்பவர் சொன்ன பொருளைத் தராமல், பணத்தையும் தராமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கரோசெல்லில் தன் சொந்தப் பழைய பொருளை ஒருமுறை விற்கும் தனியாள் இதில் வரமாட்டார், வியாபாரமாகச் செய்பவர்தான் வருவார். இணையத்தில் வியாபாரம் செய்பவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூலையிலிருந்தே நம் நாட்டில் உண்டு. விற்கும் தம்பி, தங்கைகள் இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிகள் எல்லாம் இருப்பதால்தான் பின்னூட்டத்தில் நாம் கத்த வேண்டிய அவசியம் இல்லை. நியாயம் கேட்கத் தனி இடம் உண்டு. பின்னூட்டம் அடுத்தவருக்கு வழி சொல்லும் இடம்.

வகுப்பில் செய்து பாருங்கள்

முதல் பயிற்சி. இந்தப் பின்னூட்டத்தைப் படியுங்கள்: "மோசமான கடை. ரொம்ப லேட். யாரும் வாங்காதீங்க. காசு தண்டம்." ஒரு நட்சத்திரம். இதிலிருந்து அடுத்தவருக்கு என்ன தெரிகிறது? இப்போது இதைப் பாருங்கள்: "1ஆம் தேதி வாங்கினேன், 12ஆம் தேதி வந்தது. கடையிலிருந்து கிளம்பியதே 8ஆம் தேதிதான். கேட்டதற்குப் பதில் இல்லை. துணி நல்ல துணி, நிறமும் படத்தில் உள்ளபடியே. அவசரத்துக்கு வாங்க வேண்டாம்." மூன்று நட்சத்திரம். கோபம் குறைந்திருக்கிறது, செய்தி கூடியிருக்கிறது. கடைக்காரர் திருந்தவும் இதில் வழி இருக்கிறது. நீங்களும் இதே போல ஒரு பின்னூட்டத்தைத் திருத்தி எழுதுங்கள்.

இரண்டாம் பயிற்சி. இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் விற்பவர், மற்றவர் வாங்கியவர். நசுங்கிய முறுக்குப் பொட்டலம் உங்கள் நடுவில். முதலில் இருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுங்கள். யாருடைய தவறு என்று இருவரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா?

மூன்றாம் பயிற்சி வீட்டுப்பாடம். கைப்பேசியைத் திறந்து, கடைசியாக வாங்கிய மூன்று பொருளைப் பாருங்கள். எதற்குப் பின்னூட்டம் எழுதவில்லையோ அதற்கு எழுதுங்கள். மூன்றில் ஒன்றாவது சின்னக் கடையாக இருக்கும். நல்ல பொருள் கொடுத்திருந்தால் எது நன்றாக இருந்தது என்று ஒரு வரியாவது குறிப்பாகச் சொல்லுங்கள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும் முன் ஒரே ஒரு கேள்வி: அந்தக் கடைக்காரர் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருந்தால், இதே வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா? சொல்வீர்கள் என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.